புளியமரத்தடியும் மறுவாழ்வுக் குழுவும்

அமிர்தியிலிருந்து வேலூருக்கு வரும் சாலை கணியம்பாடியைத் தொட்டு, பாகாயம் வழியாக நகருக்குள் நுழைகிறது. மொத்தம் 25 கிலோமீட்டர் அளவுதான். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் அமிர்தியை வெளியூர்க்காரர்கள் 1967இல் தொடங்கிய உயிரியல் பூங்காவுக்காகவும், மழை பெய்த பிறகு கொட்டும் அருவிக்காகவும் அறிவார்கள். மேலே மலையில் வாழ்பவர்களுக்கு அது சமவெளிக்கு இறங்கும் வாசல்களில் ஒன்று. பாகாயத்திலோ வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வளாகமும், அதன் மறுவாழ்வு நிறுவனமும் இருக்கின்றன. மறுவாழ்வு மருத்துவத்தில் எத்தனை தொழிலர்கள், யாருக்கு என்ன வேலை என்பதைப் பாடநூல்கள் மருத்துவமனைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துப் பேசி முடித்துவிடுகின்றன. அந்தப் பங்கீடு எதற்காக உண்டானது என்பது சாலையின் மறுமுனையில் நின்று பார்த்தால்தான் விளங்கும் என்பது என் கட்சி.

மாசி, பங்குனி ஜவ்வாது மலையில் புளி உலுக்கும் காலம். சாமையும் தேனும் கடுக்காயும் போலப் புளியும் மலைவாழ் குடும்பங்களுக்குக் காசு தரும் பொருள். முதிர்ந்த புளியமரத்தின் உச்சிக் கிளைவரை ஏறி, காலால் மிதித்து உலுக்குவார்கள். கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கம் அரிது. தண்டுவடக் காயம் பற்றி இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளில் உயரத்திலிருந்து விழுவது முதன்மைக் காரணங்களில் ஒன்றாக வருகிறது. பணக்கார நாடுகளில் வாகன விபத்தும் முதியோர் வீட்டுக்குள் தடுக்கி விழுவதும் முன்னே நிற்கும் இடத்தில், இங்கே மரமும் கூரையும் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறும் நிற்கின்றன.

ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். உண்மையான ஆள் இல்லை. இந்த மலையடிவாரத்தில் நடக்கக்கூடிய ஒன்றைக் காட்ட நானே உருவாக்கிக்கொண்டவர். முப்பது வயது. மனைவி, இரண்டு பிள்ளைகள், நான்கு ஆடுகள், கொஞ்சம் சாமை நிலம். புளியமரத்திலிருந்து விழுகிறார். இப்படி உட்கார்ந்த வாக்கிலோ முதுகு மடிந்தோ விழுபவர்களுக்குப் பெரும்பாலும் நொறுங்குவது மார்பு முள்ளெலும்புகளும் இடுப்பு முள்ளெலும்புகளும் சேரும் இடம். கைகள் தப்பிவிடும். இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் போகும். சிறுநீர், மலம் இரண்டும் கட்டுப்பாட்டை விட்டுப்போகும்.

மரத்தடியில் கூடுகிறவர்கள் அக்கறையோடு அவரைத் தூக்கி உட்காரவைப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். உடைந்த முதுகெலும்பு அப்போது மடங்குவதாலேயே தண்டுவடம் கூடுதலாகச் சேதப்படக்கூடும். சாலை இல்லாத குக்கிராமமாக இருந்தால் டோலி கட்டித் தூக்கிவர வேண்டும். 2023 மே மாதம், இதே வேலூர் மாவட்டத்தின் அல்லேரி மலைப் பகுதியில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலை, ஆம்புலன்ஸ் மேலே போக வழியில்லாததால் தாய் கையில் சுமந்து நடந்த செய்தி தமிழகம் முழுக்கப் பேசப்பட்டது. கீழே வந்த பிறகும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள் என்று சொல்ல முடியாது. எலும்பு என்றாலே ‘புத்தூர் கட்டு’ என்று நினைக்கும் வட்டாரம் இது. ஆந்திரப் புத்தூரின் பெயரைத் தாங்கிய பலகைகள் வேலூர்ப் பக்கம் எங்கும் தொங்குகின்றன. கை முறிவுக்குக் கட்டுப் போட்டுக் குணமான அனுபவம் எல்லாருடைய குடும்பத்திலும் இருக்கும். முதுகெலும்பு வேறு விஷயம் என்பது தெரியவரும்போது சில நாட்கள் போயிருக்கும்.

எப்படியோ அறுவை சிகிச்சை நடக்கிறது. தகடும் திருகாணியும் வைத்து எலும்பை நிலைநிறுத்துகிறார்கள். குடும்பம் கேட்கும் முதல் கேள்வி: “ஆபரேஷன் முடிஞ்சிடுச்சே, கால் எப்ப வரும்?” மறுவாழ்வுக் குழுவின் வேலை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

இப்படி ஒரு குழு தேவை என்று வேலூருக்கு முதலில் உணர்த்தியவர்கள் தண்டுவட நோயாளிகள் இல்லை, தொழுநோயாளிகள். 1946இல் வேலூருக்கு வந்த அறுவை நிபுணர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, வேலை செய்யும் ஒரு தசைநாணை எடுத்து வேறிடத்தில் பொருத்தும் அறுவை முறையை 1940களின் இறுதியில் கையாளத் தொடங்கினார். கத்தி வேலை முடிந்ததும் கை தானாக வேலை செய்துவிடாது. நேற்றுவரை மணிக்கட்டை அசைத்த தசை இன்று விரலை அசைக்க வேண்டும். மூளை அதைப் புதிதாகப் பழக வேண்டும். அதற்கு அறுவைக்கு முன்பும் பின்பும் வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்க இயன்முறை மருத்துவர் தேவைப்பட்டார். நிமிர்ந்த விரலால் என்ன செய்வது? பிச்சை எடுக்க மடங்கிய விரலே வசதி என்று கசப்போடு சொன்னவர்கள் உண்டு. ஆகவே தொழில் கற்றுக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அதற்காக 1951இல் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் எழுந்தது. உணர்ச்சியற்ற பாதத்தில் ஆணி குத்தினாலும் தெரியாது, புண் வரும், புண் முற்றினால் காலே போகும் என்று தெரிந்தபோது செருப்பு செய்பவர் மருத்துவக் குழுவின் உறுப்பினரானார். நுண்துளை ரப்பரில் செய்த செருப்பு, அறுவை சிகிச்சை காப்பாற்ற முடியாத பல கால்களைக் காப்பாற்றியது. ஒரு தேவை கண்ணில் பட்டதும் அதற்கு ஆள் தேடினார்கள். தொழில்களை முதலில் வகுத்துக்கொண்டு நோயாளிகளை அவற்றுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கவில்லை. பிற்காலத்தில் மருத்துவமனைகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மேரி வர்கீஸின் கதை இங்கேதான் வருகிறது. 1925இல் கொச்சியில் பிறந்து, வேலூரில் மருத்துவம் படித்தவர். 1954 ஜனவரியில், நண்பர்களோடு சென்ற வண்டி கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. பெண் நோய் மருத்துவராக விரும்பியவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்யலாம் என்று பிராண்ட் அவருக்குச் சொன்னார். செய்தார். ஆனாலும் அவர் ஒரு நோயாளியாகத் தனக்குக் கிடைக்க வேண்டியதைப் பெற ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போக வேண்டியிருந்தது. பின்பு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவத்தைப் பாடமாகவே படித்துத் திரும்பினார். 1963இல் வேலூரில் அதற்கெனத் தனித் துறை அவர் தலைமையில் தொடங்கியது. 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. நோயாளிகள் மாதக்கணக்கில் தங்கிப் பயிற்சி பெறும் இத்தகைய இடங்களில் இந்தியாவிலேயே முன்னோடி அது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, 1986இல் காலமானார். குழுவின் தலைவரே அந்தக் குழுவின் சிகிச்சையைத் தன் உடம்பில் வாங்கியவர் என்பது உலகில் அதிகம் அமையாத ஒன்று. படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கும் ஒருவர் முன்னே, சக்கர நாற்காலியில் வெள்ளைக் கோட்டுடன் ஒரு பெண் மருத்துவர் வந்து நிற்பது எத்தனை மணி நேர ஆலோசனைக்குச் சமம் என்று கணக்கிட முடியாது.

இனி நம்முடைய அமிர்திக்காரரைப் படுக்கையில் பார்க்கலாம். முதல் சில வாரங்களில் அவர் உயிரைக் கையில் வைத்திருப்பவர் யார்? அறுவை நிபுணர் என்று குடும்பம் நினைக்கும். செவிலியர் என்பதே சரியான விடை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தண்டுவடம் முறிந்தவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றவை படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும். 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மேன், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நரம்பியல் மருத்துவர். அவர் கொண்டுவந்த புரட்சியில் புதிய மருந்தோ கருவியோ கிடையாது: இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், தோலைப் பார்க்க வேண்டும், சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் காலி செய்ய வேண்டும். நடுராத்திரியில் அவரே வார்டுக்கு வந்து புரட்டினார்களா என்று பார்ப்பாராம். தண்டுவட மருத்துவத்தின் மாபெரும் முன்னேற்றம் ஒரு செவிலியப் பணி. இதை மருத்துவ வரலாறு இன்னும் உரிய குரலில் சொல்லவில்லை.

சிறுநீர் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். இதை யாரும் விரிவாகச் சொல்வதில்லை என்பதே காரணம். நரம்புத் தொடர்பு அறுந்த சிறுநீர்ப்பை நிரம்பியது தெரியாமல் நிரம்பும்; சில நேரம் அழுத்தம் ஏறிச் சிறுநீர் மேல்நோக்கித் தள்ளப்பட்டுச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நிரந்தரமாகக் குழாய் வைத்துவிடுவது எளிது, தொற்று நிச்சயம். 1972இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ், நோயாளி தானே சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயைச் செருகிச் சிறுநீரை வெளியேற்றி, குழாயை எடுத்துவிடலாம் என்றார். அறுவை அரங்கின் கிருமியற்ற நிலை வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிய சுத்தமான கையும் குழாயும் போதும் என்பது அவர் வாதம். பையை வேளை தவறாமல் காலி செய்வதே தொற்றைத் தடுக்கிறது என்று காட்டினார். மலையடிவாரத்து வீட்டில் வாழப்போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் அதைச் சாத்தியமாக்க ஒரு கூட்டமே வேண்டியிருக்கிறது. அழுத்தத்தை அளந்து மருந்து முடிவு செய்வது மறுவாழ்வு மருத்துவர். குழாய் போடக் கற்றுக்கொடுப்பது செவிலியர். கட்டிலில் சாயாமல் உட்கார்ந்து இரண்டு கையையும் இதற்காக விடுவிக்கும் அளவுக்கு உடற்சமநிலை கொடுப்பது இயன்முறை மருத்துவர். லுங்கியில் இதை எப்படிச் செய்வது, பொது இடத்தில் எப்படி மறைவு தேடுவது என்று சொல்லித்தருவது செயல்வழிப் பயிற்சியாளர். மாதாமாதம் குழாய் வாங்கக் காசு எங்கே என்பது சமூகப் பணியாளரின் கேள்வி. “இதையெல்லாம் தொட்டுக்கிட்டு வாழணுமா” என்று அவர் அழும்போது பக்கத்தில் உட்காருவது உளவியலாளர். ஒரு ரப்பர்க் குழாயைச் சுற்றி ஆறு தொழில்கள். இதில் ஒருவர் விட்டாலும் மற்ற ஐவரின் வேலை வீண்.

இந்த ஆறு பேரையும் எந்தச் சட்டம் ஆள்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மருத்துவரின் பெயர் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஆட்சிக்குட்பட்ட பதிவேட்டில். செவிலியர் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சிலின் கீழ். இயன்முறை மருத்துவரும் செயல்வழிப் பயிற்சியாளரும் மருத்துவச் சமூகப் பணியாளரும் 2021இல் வந்த இணைச் சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தின் கீழ். செயற்கைக் கால் செய்பவர், பேச்சுப் பயிற்சியாளர், மறுவாழ்வு உளவியலாளர் ஆகியோர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ். ஒரே கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் நான்கு சட்டங்களின் பிள்ளைகள். 2025 செப்டம்பரில், இயன்முறை மருத்துவர்கள் தம் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று மத்தியச் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் கடிதம் எழுதியதும், ஓரிரு நாளில் அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். பட்டத்துக்கான அந்தச் சண்டையில் இரு தரப்பு நியாயமும் எனக்குப் புரிகிறது. கட்டிலில் படுத்திருப்பவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்பதும் புரிகிறது.

“கால் எப்ப வரும்?” என்ற கேள்விக்கு வருவோம். அவர் இதை ஒருவரிடம் மட்டும் கேட்பதில்லை. காலையில் சுற்றுக்கு வரும் மருத்துவரிடம், காலை மடக்கி நீட்டும் இயன்முறை மருத்துவரிடம், இரவுப்பணிச் செவிலியரிடம், தரை துடைக்கும் அம்மாவிடம், பக்கத்துக் கட்டில்காரரிடம், எல்லாரிடமும் கேட்கிறார். ஒருவர் “பார்க்கலாம்” என்கிறார். ஒருவர் “நல்லா எக்சர்சைஸ் பண்ணுங்க, வரும்” என்கிறார். ஒருவர் “சாமியை நம்புங்க” என்கிறார். உண்மையான விடைக்கு ஒரு முறையான சோதனை உண்டு: உடலின் இரு பக்கமும் குண்டூசியும் பஞ்சும் வைத்து உணர்ச்சி எதுவரை இருக்கிறது என்று பார்ப்பார்கள், கடைசியாக மலத்துவாரத்தைச் சுற்றி உணர்ச்சியோ இறுக்கமோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தண்டுவடத்தின் கடைசி முனைவரை செய்தி கொஞ்சமாவது போகிறதா என்று அந்த இடம்தான் சொல்லும். அங்கே எதுவும் இல்லாமல் மாதங்கள் கடந்துவிட்டால், நடையைத் திரும்பத் தரும் அளவுக்கு மீள்வது அரிது. இதை அவரிடம் சொல்ல வேண்டியவர் மருத்துவர். சொன்ன பிறகு அதே விடையை மற்ற எல்லாரும் தத்தம் சொற்களில், மாற்றாமல் சொல்ல வேண்டும். குழு என்பதற்கு நான் வைக்கும் முதல் சோதனை இதுதான். வாரம் ஒருமுறை கூட்டம் போடுகிறார்களா, கோப்பில் எத்தனை கையெழுத்து இருக்கிறது என்பதெல்லாம் பிறகு. ஐந்து பேர் ஐந்து விடை சொல்லும் இடத்தில் நோயாளி தனக்குப் பிடித்த விடையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஓராண்டை ஊர் ஊராக வைத்தியம் தேடுவதில் கரைப்பார். நிலம் விற்கப்படுவது பெரும்பாலும் அந்த ஓராண்டில்தான்.

இயன்முறை மருத்துவத்தைக் ‘கை காலை ஆட்டிவிடுவது’ என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கால் செயலிழந்தவருக்கு இயன்முறை மருத்துவர் கவனம் செலுத்துவது தோளில். இனி வாழ்நாள் முழுதும் உடலின் பாரத்தைச் சுமக்கப்போவது அந்த இரண்டு மூட்டுகள்தாம். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து மீண்டும் நாற்காலிக்கு உடலைத் தூக்கி மாற்றிக்கொள்ளும் வித்தையை அவரிடம்தான் கற்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையை ஊன்றி இடுப்பை உயர்த்த வேண்டும் என்பதைப் பழக்கமாக்குவதும் அந்த வேலையில் சேரும். தவறினால் உட்காரும் எலும்பின் மேல் புண் வரும், வந்தால் ஆறு மாதம் குப்புறக் கிடக்க நேரும்.

காலிப்பர் போட்டு நடப்பதில் எப்போதும் ஓர் இழுபறி உண்டு. நோயாளிக்கு நிற்க ஆசை. குடும்பத்துக்கு அவர் நின்று பார்க்க ஆசை. இரும்புச் சட்டமும் தோல் வாரும் கொண்டு முழங்காலைப் பூட்டி, இரண்டு ஊன்றுகோலால் உடலை ஊசலாட்டி நடக்கலாம். அந்தச் சட்டத்தைச் செய்துகொடுப்பது, செயற்கைக் கால் செய்பவரான முடநீக்கியல் வல்லுநரின் பட்டறை. நிற்பதால் மூட்டு இறுகாமல் இருக்கும், மனம் நிமிரும். ஆனால் இந்த நடைக்குச் சாதாரண நடையைவிடப் பல மடங்கு சக்தி செலவாகிறது. பலர் வீடு திரும்பிய சில காலத்தில் காலிப்பரை மூலையில் சாய்த்துவிடுகிறார்கள். குழுவுக்குள் இதைப் பற்றி வாக்குவாதம் நடந்தே தீரும், நடக்கவும் வேண்டும். நடை வேண்டும் என்பார் ஒருவர். அந்த மூன்று மாதத்தில் ஒரு தொழில் கற்றுக்கொள்ளட்டுமே என்பார் இன்னொருவர். இதில் கடைசிச் சொல் யாருடையது? வழக்கமாகப் பதவியில் மூத்தவருடையது. என்னைக் கேட்டால், அமிர்தியில் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவருடையதாக இருக்க வேண்டும்.

வீட்டைப் பார்ப்பது செயல்வழிப் பயிற்சியாளரின் துறை. மறுவாழ்வுக் குழுவில் மக்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்த தொழில் இது. ஊர்ப்புறத்தில் மிகக் குறைவாகக் கிடைப்பதும் இதுவே. பணக்கார நாட்டுப் பாடநூலில் வீடு என்றால் கட்டில், மேசை, உயரமான கழிப்பறைப் பீங்கான். ஜவ்வாது மலைப் பக்கத்து வீட்டில் வாழ்க்கை தரையில் நடக்கிறது. சாப்பிடுவது, படுப்பது, பிள்ளையை மடியில் வைப்பது, அரிசி புடைப்பது எல்லாம் தரையில். வாசல் தாழ்வானது, குறுகலானது, உயரமான திண்ணையில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே கெட்டிக்காரப் பயிற்சியாளர் சக்கர நாற்காலியோடு நிற்காமல், நாலு சிறு சக்கரம் வைத்த தாழ்வான பலகை ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார். வீட்டுக்குள் பலகை, வெளியே நாற்காலி. உணர்ச்சியற்ற கால் அடுப்பின் பக்கம் போய்விடாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்வார். சூடு தெரியாமல் கால் வெந்துபோனவர்கள் உண்டு. கழிப்பறை பெரிய முடிச்சு. காட்டுப் பக்கம் ஒதுங்கிப் பழகிய ஊரில், சரிவான மண்பாதையில், மழைக்காலத்தில் நாற்காலியின் முன்சக்கரம் புதைந்து நிற்கும். நடுவில் துளையிட்ட மர முக்காலியும் மறைப்புக்கு ஒரு தட்டியும் வீட்டுக்குப் பின்னால் இருந்தால் பாதிக் கவலை தீரும். இதற்கு ஆகும் செலவு மருத்துவமனையில் எடுக்கும் ஒரு ஸ்கேன் செலவைவிடக் குறைவு. ஆனால் யாராவது அந்த வீட்டுக்குப் போய் அளவெடுக்க வேண்டும்.

பேச்சுப் பயிற்சியாளருக்கு நம் ஆளிடம் வேலை இல்லை. பக்கத்துக் கட்டிலில் பக்கவாதம் வந்தவர் இருந்தால் அங்கே அவர்தான் முதல் ஆள். பேச்சுக்கு முன்பாக, விழுங்கும்போது சோறு மூச்சுக்குழாய்க்குப் போகிறதா என்று பார்க்க வேண்டியவரும் அவரே.

சமூகப் பணியாளரின் மேசையில் நிற்கும் பிரச்சினைகள் வேறு வகை. மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை, மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு மனு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. உரிமை காகிதத்தில் இருக்கிறது, அதை வாங்க அமிர்தியிலிருந்து மாவட்ட அலுவலகத்துக்கு எத்தனை முறை பேருந்து ஏற வேண்டும், நாற்காலியோடு எந்தப் பேருந்து ஏற்றும் என்பதுதான் அவர் தினமும் பார்க்கும் கணக்கு. இன்னொன்றையும் அவர் கேட்டாக வேண்டும்: மனைவி கூலிக்குப் போனால் பகலில் இவரோடு யார் இருப்பார்கள்? மாதக்கணக்கில் கணவரின் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்து, புரட்டவும் குழாய் போடவும் புண் பார்க்கவும் கற்றுக்கொண்ட அந்தப் பெண்தான் இனிச் செவிலியர், பயிற்சியாளர், சம்பாதிப்பவர் எல்லாம். மறுவாழ்வுக் குழுவின் படத்தை வட்டமாக வரைந்து நோயாளியை நடுவில் வைக்கும் பாடநூல்களில் அவருக்கு ‘குடும்பம்’ என்ற சிறு கட்டம்தான் உண்டு. கூட்டங்களில் அவருக்கு நாற்காலி போடுகிற மருத்துவமனையை நான் அதிகம் நம்புவேன்.

கணவன் மனைவி உறவு பற்றி யார் பேசுவது என்பதும் இப்படித்தான் எல்லாருடைய கையிலிருந்தும் நழுவிப்போகிறது. முப்பது வயதுக்காரர் கேட்கக் கூச்சப்படுவார். மருத்துவர் உளவியலாளர் பார்ப்பார் என்று விடுவார். உளவியலாளர் மருத்துவர் சொல்லியிருப்பார் என்று விடுவார். தண்டுவடம் முறிந்தவருக்கும் தாம்பத்தியம் உண்டு, குழந்தைக்கு வழிகளும் உண்டு. இதைப் பெரும்பாலும் சொல்லித்தருபவர் ஏற்கெனவே அடிபட்டு, வீடு திரும்பி, பிழைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு நோயாளி. பாகாயத்தில் பழைய நோயாளிகள் ஆண்டுதோறும் கூடும் மறுவாழ்வு மேளா இதனால்தான் வெறும் கொண்டாட்டம் ஆகாமல் சிகிச்சையின் பகுதியாகிறது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று சோதனை, விளையாட்டு, கடை வைத்தவர் வைக்காதவரிடம் பேசும் பேச்சு. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தொழில் இது.

ஜவ்வாது மலையின் மறுபக்கம், திருவண்ணாமலையில், இந்தத் தொழிலையே அடித்தளமாக்கிய ஓர் அமைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்து, 1998இல் புதுச்சேரிக் கடலில் ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த பிரீத்தி சீனிவாசன் 2013இல் தொடங்கிய ‘சோல்ஃப்ரீ’ அது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், 1975இல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்னொரு திசையில் போயிருக்கிறது. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் வீட்டுக்கு ஒவ்வொரு நிபுணரும் தனித்தனியே போக முடியாது என்பதால், ஊரிலேயே பயிற்சி பெற்ற களப்பணியாளர் ஒருவர் போகிறார்; கையில் செயலி; அவருக்குப் பின்னால் இயன்முறை, செயல்வழி, பேச்சுப் பயிற்சியாளர்கள் சேர்ந்து திட்டம் வகுத்துத் தருகிறார்கள். ஒருவரே பல தொழில்களின் கையாகிறார். இதில் தரம் நீர்த்துப்போகும் என்று தொழில் சங்கங்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. நிபுணரே எட்டிப் பார்க்காத ஊருக்கு அந்த அச்சத்தை மட்டும் அனுப்பிவைத்து என்ன பயன் என்று கேட்பதிலும் நியாயம் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனமும் பங்கேற்று 2020இல் வெளியான கணக்கின்படி, மறுவாழ்வுச் சேவையால் பயன்பெறக்கூடியவர்கள் உலகில் ஏறத்தாழ 240 கோடிப் பேர். இத்தனை பேருக்கும் பத்துப் பேர் கொண்ட குழு எங்கும் கிடைக்கப்போவதில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவரும், நோய்த்தணிப்புச் செவிலியரும், ஊர்ப் பெண் தன்னார்வலரும் வீட்டுக்கே வருகிறார்கள். உலக வங்கி உதவியோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தின் ‘விழுதுகள்’ மையங்கள் பல தொழிலர்களை ஒரே கூரையின் கீழ் வட்டார அளவில் கொண்டுவர முனைகின்றன. இரண்டும் நல்ல தொடக்கம். முதல் திட்டத்தில் செயல்வழிப் பயிற்சியாளருக்கு இடம் இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. வீட்டுக்குப் போகும் திட்டத்தில், வீட்டைப் படிக்கத் தெரிந்த தொழிலே இல்லை.

நம் அமிர்திக்காரர் வீடு திரும்பும் நாளை நினைத்துப் பார்க்கிறேன். விடுவிப்புச் சீட்டில் மருந்துகளின் பெயரும் அடுத்த பரிசோதனைத் தேதியும் ஆங்கிலத்தில் இருக்கும். அதோடு இன்னொரு தாள் வேண்டும், தமிழில்: எத்தனை மணிக்கு ஒருமுறை குழாய், தோலில் எந்த இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, காய்ச்சலும் குளிரும் வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவது, கழிப்பறைக்கு என்ன அளவு. அதன் ஒரு படி ஊர்த் தன்னார்வலர் கைக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும். கடைசிக் குழுக் கூட்டத்தை அந்தத் தன்னார்வலரையும் தொலைபேசியில் வைத்துக்கொண்டு நடத்தலாம், செலவு ஒன்றுமில்லை. தொழிலைப் பற்றியும் அங்கேயே பேசிவிடலாம்: புளி உலுக்க இனி ஏற முடியாது, ஆனால் பறித்த புளியை ஓடும் கொட்டையும் நீக்கித் தட்டி விற்க உட்கார்ந்த கை போதும், பூங்கா வாசலில் சனி, ஞாயிறு கூடும் கூட்டத்துக்கு ஒரு பெட்டிக்கடை போதும். அந்த இடத்துக்கு வனத்துறையிடமும் ஊராட்சியிடமும் யார் போய்க் கேட்பது என்பதைச் சமூகப் பணியாளரும் மனைவியும் அவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டால், வண்டிக்குச் சொல்லி அனுப்பலாம்.